காசோலையும் ஒரு கடிதம்தான்: அலுவலகத்தில் செக் எழுதி அனுப்பப் புதிதாகக் கற்பவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நான் இரண்டு காசோலைகளை உறை மாற்றிப் போட்டுவிட்டேன். கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு அது. வார்ப்படம் தருபவருக்குப் போக வேண்டிய நான்கு லட்சத்துச் சொச்சம் அட்டைப்பெட்டிக்காரருக்கும், அட்டைப்பெட்டிக்காரருக்கு உரிய இருபத்தோராயிரம் வார்ப்படக்காரருக்கும் போய்ச் சேர்ந்தன. இரண்டுமே அக்கவுன்ட் பேயி, அதாவது பெயரில் உள்ளவர் கணக்கில் மட்டும், என்று கோடு போட்ட காசோலைகள். அதனால் பணம் எங்கும் போகவில்லை, மானம்தான் போயிற்று. அட்டைப்பெட்டிக்காரர் தொலைபேசியில் அழைத்து, "ஏன் தம்பி, வார்ப்படக்காரருக்கு முப்பது நாளில் கொடுத்துவிடுகிறீர்கள், எனக்கு மட்டும் எழுபது நாளா?" என்று கேட்டார். காசோலையோடு வைத்த கடிதத்தில் பில் தேதி இருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

தலைமைக் கணக்காளர் சத்தம் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நீ இதைப் பணம் என்று நினைத்துக்கொண்டாய். கடிதம் என்று நினைத்திருந்தால் உறையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்திருப்பாய்" என்றார். அன்றைக்கு அது வெறும் கண்டிப்பாகத்தான் காதில் விழுந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்த வேலையைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தர அதைவிட நல்ல வழி எனக்கு அகப்படவில்லை.

சட்டமும் ஏறத்தாழ அவர் சொன்னதைத்தான் சொல்கிறது. காசோலையைப் பற்றி நம் நாட்டில் பேசும் சட்டம் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதன் பார்வையில் காசோலை என்பது ஒருவர் தன் வங்கிக்கு எழுத்தில் இடும் கட்டளை: இன்னாருக்கு, கேட்டவுடன், இவ்வளவு ரூபாய் கொடு. எழுதுபவர் நாம், கட்டளையைப் பெறுவது நம் வங்கி, பணம் பெறுபவர் பார்ட்டி. வேடிக்கை என்னவென்றால், வங்கிக்கு எழுதிய கடிதத்தை நாம் வங்கியிடம் கொடுப்பதில்லை. பார்ட்டியின் கையில் கொடுக்கிறோம். அவர் தன் வங்கியில் போட, அது சுற்றிக்கொண்டு நம் வங்கிக்கு வருகிறது. அங்கே இருப்பவர் நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. நாம் என்ன நினைத்து எழுதினோம் என்று கேட்கவும் போவதில்லை. தாளில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

உண்மையில் இப்போது அவர் தாளைக்கூடப் பார்ப்பதில்லை, அதன் படத்தைப் பார்க்கிறார். முன்பெல்லாம் காசோலைகளை மூட்டையாகக் கட்டி கிளியரிங் ஹவுசுக்கு எடுத்துப்போய், வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். 2008இல் டெல்லியிலும் 2011 செப்டம்பரில் சென்னையிலும் புது முறை வந்தது. பார்ட்டியின் வங்கியிலேயே தாள் நின்றுவிடுகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்று அதன் படங்களும், அடியில் காந்த மையில் அச்சிட்ட எண்களும் மட்டும் பயணம் செய்கின்றன. சிடிஎஸ் என்று வங்கியில் சொல்வது இதைத்தான். ரப்பர் முத்திரையைக் கையொப்பத்தின்மேல் குத்தாதே, மங்கிய மையில் எழுதாதே என்று சொல்வதெல்லாம் இதனால்தான். கண்ணுக்குத் தெரிவது படத்தில் தெரியாமல் போகலாம்.

அந்த அடிவரிசை எண்களை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், பிறகு செக் புத்தகத்தோடு உங்களுக்கு ஒரு நட்பு வந்துவிடும். முதல் ஆறு இலக்கம் காசோலை எண். அடுத்த ஒன்பது, ஊர் மூன்று, வங்கி மூன்று, கிளை மூன்று என்று பிரியும். சென்னைக்கு 600, கோவைக்கு 641, மதுரைக்கு 625. பின்கோடின் தலைப்பகுதியேதான். அதற்கடுத்த ஆறு இலக்கம் கணக்கைச் சார்ந்தது, கடைசி இரண்டு காசோலையின் வகையைச் சொல்வது. இந்தப் பட்டையில் எதுவும் எழுதக் கூடாது, முத்திரை குத்தக் கூடாது, பின் அடிக்கக் கூடாது.

எழுதுவதற்கு முன்னால்

புதியவர்கள் பலரும் காசோலை வேலை என்றால் பேனாவைத் திறப்பதில் தொடங்குகிறது என்று எண்ணுகிறார்கள். பாதி வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பில் வந்திருக்கிறதா, சரக்கு உள்ளே வந்ததற்குக் கையொப்பம் இருக்கிறதா, கொடுக்கலாம் என்று உரியவர் எழுதியிருக்கிறாரா, இதே பில்லுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோமா? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடாதீர்கள். பார்ட்டி ஒரே பில்லின் நகலை மின்னஞ்சலில் ஒருமுறை, தபாலில் ஒருமுறை அனுப்புவது எல்லா ஊரிலும் நடப்பது. அசல் பில்லின்மேல் 'பணம் செலுத்தப்பட்டது' என்று முத்திரை குத்தும் பழைய வழக்கத்துக்கு அர்த்தம் உண்டு.

பிறகு தொகை. பில் தொகையும் செக் தொகையும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. ஒரு நிறுவனம் நமக்குச் செய்த ஒப்பந்த வேலைக்கு 1,00,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டி 18,000 ரூபாயும் பில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த வேலைக்கு நிறுவனத்திடம் 2 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டும். ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டு அடிப்படைத் தொகையில் மட்டும் பிடிக்கிறோம். ஆகவே பிடித்தம் 2,000, செக் 1,16,000. இதை ஒரு வரியில் எழுதி உறைக்குள் வைக்காவிட்டால், பார்ட்டியின் கணக்கர் இரண்டாயிரம் குறைகிறது என்று தொலைபேசியில் அழைப்பார். எழுதி வைத்தாலும் சிலர் அழைப்பார்கள், அது வேறு.

பதிவேட்டை விட்டுவிட்டேன். தேதி, காசோலை எண், பெயர், தொகை, எந்தப் பில்லுக்கு, யார் கையொப்பமிட்டார், எந்த நாளில் எந்த வழியில் அனுப்பப்பட்டது, வங்கியில் எப்போது பாஸானது. எட்டுக் கட்டம் போதும். கணினியில் இருந்தாலும் சரி, நீளமான நோட்டில் இருந்தாலும் சரி. நான் பார்த்த அலுவலகங்களில் முதல் ஐந்து கட்டங்கள் எப்போதும் நிரம்பியிருக்கும். கடைசி இரண்டு காலியாகவே கிடக்கும். சிக்கல் வந்தால் அந்த இரண்டைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

புது செக் புத்தகம் வந்தால் முதல் வேலை எண்ணுவது. முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்த்துவிட்டு மூடுவது எண்ணுவதாகாது. திருடத் தெரிந்தவர் மேல்தாளைக் கிழிப்பதில்லை. நடுவிலிருந்தோ கடைசிக்குச் சற்று முன்பிருந்தோ ஒன்றை உருவுவார். அந்த எண் வர மாதக்கணக்காகும், அதுவரை யாருக்கும் தெரியாது. எண்ணி முடித்ததும் பூட்டுப் போட்ட இழுப்பறை. சாவி ஒருவரிடம், அவர் விடுப்பில் போனால் எழுதி வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம்.

பேனா எடுத்த பிறகு

பெயரிலிருந்து தொடங்குவோம், தகராறு அதிகம் வருவது அங்கேதான். பார்ட்டியின் பலகையில் இருக்கும் பெயர் வேறு, பில்லில் இருப்பது வேறு, வங்கிக் கணக்கில் இருப்பது வேறாக இருக்கலாம். 'டிரேடர்ஸ்' என்பதும் 'டிரேடிங் கம்பெனி' என்பதும் நமக்கு ஒன்று, வங்கிக்கு இரண்டு. முதன்முறை கொடுக்கும் பார்ட்டியிடம் ரத்து செய்த காசோலை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகவும்தான். அதில் அச்சிட்ட பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். பெயர் முடிந்த இடத்திலிருந்து கோட்டின் கடைசிவரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

தொகையை எழுத்தால் எழுதும்போது இடைவெளி விடாமல் இடது ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். 'ரூபாய்' என்ற சொல்லுக்கும் முதல் எண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டால், 'ஆறாயிரம்' சுலபமாக 'தொண்ணூற்று ஆறாயிரம்' ஆகிவிடும். கடைசியில் 'மட்டும்'. எழுத்திலும் எண்ணிலும் தொகை மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் படித்துவிட்டு வங்கியில் வாதாடப் போகாதீர்கள். நடைமுறையில் வங்கி அந்தக் காசோலையைத் திருப்பித்தான் அனுப்பும்.

இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசோலையைத் தமிழிலேயே எழுதலாம். தாளில் இந்தியும் ஆங்கிலமும்தான் அச்சாகியிருக்கும், ஆனால் நிரப்புவது இந்தி, ஆங்கிலம், அந்தந்த மாநில மொழி எதிலும் இருக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுதுவது அங்கே இருப்பவர்களுக்குச் செய்யும் உதவி, அவ்வளவுதான். அதேபோல, கறுப்பு மையில் எழுதினால் காசோலை செல்லாது என்று வாட்ஸ்ஆப்பில் அவ்வப்போது சுற்றிவரும் செய்தியை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி எந்த நிறத்தையும் கட்டாயமாக்கவில்லை. அழியாத மையாகவும் படத்தில் தெளிவாகத் தெரிவதாகவும் இருந்தால் போதும். தேய்த்தால் மறையும் பேனாக்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை அலுவலகத்துக்குள் விடாதீர்கள்.

தேதி சரியாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்பது தெரிவதில்லை. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது. ஆறு மாதம் என்று இன்னமும் சாதிக்கும் பெரியவர்களோடு சண்டை போடாமல் சட்டென்று வங்கியில் போடச் சொல்லுங்கள்.

பிழை விட்டுவிட்டால்? முன்பெல்லாம் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையொப்பம் போடுவார்கள். படத்தை வைத்துப் பணம் கொடுக்கும் முறை வந்தபிறகு, தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு எந்தத் திருத்தமும் ஏற்கப்படுவதில்லை. பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் புதுத்தாள்தான். பிசகிய தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவது தவறு. குறுக்கே ரத்து என்று பெரிதாக எழுதி, கையொப்பமிட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டியெடுத்து, மீதியை அடிக்கட்டையோடு ஒட்டி வையுங்கள். தணிக்கைக்கு வருபவர் எண் வரிசையில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

இனி அந்த இரண்டு கோடுகள். இடது மூலையில் சாய்வாக இரண்டு இணைகோடுகள் போட்டால் அந்தப் பணத்தை ரொக்கமாக வாங்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். கோடுகளுக்கு நடுவே 'அக்கவுன்ட் பேயி' என்று சேர்த்தால் பெயரில் உள்ளவரின் கணக்கில் மட்டுமே வரவு வைக்க முடியும். அதோடு, பெயர்க் கோட்டின் முடிவில் அச்சிட்டிருக்கும் 'பேரர்', அதாவது கொண்டுவருபவருக்கு, என்ற சொல்லையும் அடித்துவிடுங்கள். என் இரண்டு காசோலைகளும் தவறான வீடுகளில் மூன்று நாள் கிடந்தும் எதுவும் ஆகாமல் திரும்பி வந்ததற்குக் காரணம் இந்தக் கோடுகள்தான். தபாலில் போகும் எந்தக் காசோலையும் இவை இல்லாமல் மேசையை விட்டு நகரக் கூடாது.

கையொப்பத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: எழுதுபவர் ஒருவராகவும் கையொப்பமிடுபவர் வேறொருவராகவும் இருக்கட்டும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிடுபவர் முடிந்தால் மூன்றாமவர். சிறிய அலுவலகத்தில் மூன்று பேருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலாளியே வங்கி அறிக்கையை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் அதுவே மூன்றாம் ஆள். முதலாளி வெளியூர் போகும்போது பத்துத் தாளில் வெறுமனே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுப் போவது மிகவும் பரவலான வழக்கம். அப்படிக் கொடுத்த தாளை வேறொருவர் நிரப்பினாலும் கையொப்பமிட்டவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பதை 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அவரிடம் இதைச் சொல்லும் தைரியம் புதியவருக்கு இருக்காது. பூட்டி வைக்கவாவது செய்யுங்கள்.

பெரிய தொகையென்றால் இன்னொரு படி இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் 'பாசிடிவ் பே' என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. காசோலையைக் கொடுத்ததும் அதன் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றை நாம் வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ பதிந்துவிட வேண்டும். காசோலை வரும்போது வங்கி இரண்டையும் ஒப்பிடும். 50,000 ரூபாயிலிருந்து இந்த வசதி உண்டு. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கட்டாயமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி இருக்கிறது. உங்கள் வங்கி கட்டாயமாக்கியிருந்து நீங்கள் பதிய மறந்தால், கணக்கில் பணம் கொட்டிக் கிடந்தாலும் காசோலை திரும்பிவிடும். காசோலைக்குத் தபாலில் ஒரு பயணம், அதன் செய்திக்கு வங்கிக்கு ஒரு பயணம். செய்தி முந்திக்கொள்ள வேண்டும்.

உறைக்குள்

இந்தியக் காசோலை ஏறத்தாழ 202 மில்லிமீட்டர் நீளம், 92 மில்லிமீட்டர் அகலம். கடையில் ஒன்பதுக்கு நான்கு என்று கேட்டால் தரும் நீள உறையில் மடிக்காமல் போகும். மடிக்காமல் அனுப்புவதே நல்லது. மடிப்பு எண்பட்டையில் விழுந்தால் இயந்திரம் திணறும். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், ஓரத்தில் சாதாரண கிளிப் போதும். மெல்லிய உறையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே செக் இருப்பது தெரிந்துவிடும். ஆகவே மூன்றாக மடித்த கடிதத்துக்குள் அதை வைத்துப் போடுங்கள். உறையின் வெளியே 'காசோலை உள்ளே' என்று சிவப்பு மையில் எழுதும் அன்பர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல!

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: பில் எண், பில் தொகை, பிடித்தம், அனுப்பும் தொகை, காசோலை எண், தேதி, வங்கி. கிடைத்ததற்கு ரசீது அனுப்பும்படி ஒரு வரி. பிறகு என்னைப்போல் மாட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு சின்ன ஒழுங்கு. எல்லா உறைகளையும் முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு எல்லாக் காசோலைகளையும் வரிசையாக உள்ளே போடும் வேகமான வழி வேண்டாம். ஒரு கடிதம், ஒரு காசோலை, ஓர் உறை. மூன்றிலும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு ஒட்டுங்கள். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒட்டுமுன் காசோலையை கைபேசியில் படம் எடுத்து அலுவலகக் கோப்பில் சேர்ப்பதும் நல்லது. சொந்தக் கைபேசியிலேயே விட்டு வைப்பது நல்லதல்ல.

எப்படி அனுப்புவது? நேரில் வந்து வாங்குபவரிடம் கையொப்பமும் அடையாளமும் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட். 'ரிஜிஸ்டர்டு தபாலில் போடு' என்று மூத்தவர்கள் பழக்கத்தில் சொல்வார்கள். பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. முகவரியில் உள்ளவரிடமே கொடுக்க வேண்டும் என்றால் அதற்கான பதிவு வசதியைக் கூடுதல் கட்டணத்தில் ஸ்பீடு போஸ்ட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கவுன்டரில் தரும் ரசீதில் பதின்மூன்று எழுத்துகள் கொண்ட எண் இருக்கும்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், பின்னால் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. பதிவேட்டின் அந்தக் காலிக் கட்டத்தில் எழுத வேண்டியது இதைத்தான். ரசீதையும் ஒட்டி வையுங்கள். அந்த மை சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால் ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தபாலில் போட்ட கணத்தில் காசோலை யாருடையது? கேள்வி தத்துவமாகத் தெரியும், ஆனால் இதற்கு நம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு சுவையான வழக்கே உண்டு. மராட்டியப் பகுதியில் அவுந்த் என்ற சமஸ்தானத்தில் லாந்தர் விளக்கு செய்துவந்த ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை, இந்திய அரசுக்குச் சரக்கு விற்றது. பணத்தைக் காசோலையாக அனுப்பும்படி கேட்டுக்கொண்டது. அரசு டெல்லியிலிருந்து காசோலைகளைத் தபாலில் அனுப்பியது. சமஸ்தானத்தில் பணம் பெற்றதாகக் கொண்டால் ஒரு வரி, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பெற்றதாகக் கொண்டால் வேறு வரி. 1954இல் வந்த தீர்ப்பு இது: வாங்குபவரே தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால் தபால் நிலையம் அவருடைய ஆள். டெல்லியில் பெட்டிக்குள் விழுந்தபோதே அவர் பெற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்படிக் கேட்காமல் நாமாக அனுப்பினால் தபால் நிலையம் நம் ஆள், வழியில் தொலைந்தால் நம் பாடு. விளக்கு விற்றவருக்கு வரி கூடியது, நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஆகவே பார்ட்டியிடமிருந்து 'காசோலையை இந்த முகவரிக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி மின்னஞ்சலிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: காசோலை பாஸாகிவிட்டால், பணம் கொடுத்த நாள் காசோலை கொடுத்த நாளாகவே கணக்காகும். சிறுதொழில் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை போகக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்போது, அனுப்பிய தேதிக்கு ஆதாரம் இருப்பது சின்ன விஷயமில்லை. என் அட்டைப்பெட்டிக்காரரின் எழுபது நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு வரும் காசோலைகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், மேலே சொன்னதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் போதும். தபாலைத் திறப்பவர் அன்றே எழுதிவைக்க வேண்டும். கோடு போடாமல் வந்திருந்தால் நாமே போட்டுவிடலாம், சட்டம் அனுமதிக்கிறது. தேதி, எழுத்திலும் எண்ணிலும் தொகை, பெயர், கையொப்பம் நான்கையும் பார்த்துவிட்டு, அன்றே அல்லது மறுநாள் வங்கியில் போட வேண்டும். பார்ட்டிக்குக் கொடுக்கும் ரசீதில் 'காசோலை பாஸாவதற்கு உட்பட்டது' என்று ஒரு வரி. வங்கி வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வருவது எளிது. ஆனால் கவுன்டரில் கொடுத்து செலானில் முத்திரை கேட்டால் எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. பெரிய தொகைக்கு அந்த வரிசையில் நிற்பதில் தவறில்லை.

2025 அக்டோபர் 4க்குப் பிறகு வேகமும் மாறியிருக்கிறது. பகலில் குறித்த நேரத்துக்குள் வரும் காசோலைகள் கையோடு படமாகிப் போய்விடுகின்றன. கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும். நமக்கு வரும் பணம் சீக்கிரம் வருகிறது, மகிழ்ச்சி. நாம் கொடுத்த காசோலையும் அதே வேகத்தில் நம் கணக்கைத் தட்டும். 'இன்று செக் கொடுத்துவிடு, நாளைக்கு வரவு வந்துவிடும், பாஸாக இரண்டு நாள் ஆகுமே' என்று ஒரு தலைமுறை முதலாளிகள் நடத்திய வித்தை இனி நடக்காது.

திரும்பினால், தொலைந்தால், கிடந்தால்

காசோலை திரும்பினால் வங்கி காரணத்தோடு ஒரு சீட்டு தரும். பணம் போதவில்லை, கையொப்பம் மாறுபடுகிறது, காலாவதி, தேதி இன்னும் வரவில்லை, கொடுத்தவர் நிறுத்திவிட்டார் என்று பல உண்டு. பாதிக்கு மேல் எழுத்துப் பிசகுகளாக இருக்கும், ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும். பணம் இல்லாமல் திரும்பியது என்றால் அந்தச் சீட்டு வந்த தேதியை உடனே எழுதிவையுங்கள். பணமில்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கடிகாரம் அங்கிருந்து ஓடத் தொடங்குகிறது. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் காசோலை எழுதியவர் பணம் கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது காசோலைத் தொகையைப்போல் இரு மடங்குவரை அபராதம் அல்லது இரண்டும். நோட்டீஸை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். காசோலை, சீட்டு, அது வந்த உறை, செலான் நான்கையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது உங்கள் வேலை. வேண்டுமென்றே கையொப்பத்தைக் கோணலாகப் போட்டுத் தப்பிக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. கையொப்பம் மாறுபட்டுத் திரும்பினாலும் இந்தப் பிரிவு பாயும் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று பார்ட்டி அழைத்தால் வரிசை முக்கியம். முதலில் தபால் எண்ணைப் பாருங்கள். சேர்ந்துவிட்டதாகக் காட்டினால் அங்கே யார் கையொப்பமிட்டது என்று கேளுங்கள், பாதி நேரம் வாயிற்காவலரின் மேசையில் கிடக்கும். காணோம் என்று உறுதியானால் அந்த எண்ணுக்கு வங்கியில் ஸ்டாப் பேமென்ட், அதாவது பணம் கொடுக்காதே என்ற கட்டளை, கொடுங்கள். அது பதிவாகிவிட்டதற்கு உறுதி கிடைத்த பிறகு, பழையது கிடைத்தால் போடாமல் திருப்பி அனுப்புவதாகப் பார்ட்டியிடமிருந்து ஒரு கடிதம். அதன்பிறகே புதுக் காசோலை. அவசரத்தில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஒரே பில்லுக்கு இருமுறை கொடுத்த அலுவலகம் ஒன்றை அறிவேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது வகைதான் விசித்திரமானது. திரும்பவும் இல்லை, தொலையவும் இல்லை, போய்ச் சேர்ந்து சும்மா கிடக்கிறது. மாதக் கடைசியில் நம் புத்தகத்தையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிடும்போது, கொடுத்தும் பாஸாகாத காசோலைகள் ஒரு பட்டியலாக வரும். இரண்டு மாதம் தாண்டியவற்றுக்கு நான் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் கயிறு திரிக்கும் ஒருவருக்கு எங்கள் அலுவலகம் முதன்முதலாகக் கொடுத்த காசோலை அப்படித் தங்கிவிட்டது. அழைத்தபோது வீட்டில் யாரும் எடுக்கவில்லை, பிறகு நானும் மறந்தேன். மூன்று மாதம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவரே வந்தார். புதுத் தொடர்பின் முதல் காசோலை என்று பூஜை அறையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நல்ல நாள் பார்த்து வங்கிக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்திருக்கிறார். நடுவில் வீட்டில் ஒரு விசேஷம், மறந்துவிட்டது. புதுத்தாள் எழுதிக் கொடுத்தோம். பழையதன் குறுக்கே ரத்து என்று எழுதி அடிக்கட்டையில் ஒட்டினேன், நான்கு மூலையிலும் அவர் வைத்த மஞ்சளோடு.